சர்க்கரைக்குப் பூட்டு, மாத்திரைக்கு ஓய்வு

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கை நரம்பு மாத்திரையை நிறுத்திவிட்டாள், மறுபடி ஆரம்பித்தும்விட்டாள். பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு அன்பும் சொல்லிவிட்டு, இடையில் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அவள் வாயால் கேட்டால் என் பங்கு இன்னும் பெரிதாக இருக்கும்.

போன முறை காட்டப் போனபோது டாக்டரம்மா நிதானமாகத்தான் விளக்கினார்கள். உடம்பைக் காக்க வேண்டிய செல்களே ஆள் தெரியாமல் மூளைக்குள் புகுந்து நரம்பின் மேலுறையை உரிக்கின்றனவாம். ஒயர் விற்கிறவனுக்கு உறை உரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டுமா? பிறகுதான் வந்தது வினை. சண்டைக்குக் கிளம்பும் செல்கள் சர்க்கரையை அவசர அவசரமாக எரிக்குமாம். அவற்றை அடக்கி வைக்கும் செல்கள் பெரும்பாலும் கொழுப்பை நிதானமாக எரிக்குமாம். அதற்கு மேல் என் காதில் ஏறவில்லை. போட்டிக் கடைக்குச் சரக்கு வரும் வழியை அடைத்தால் அது தானாக ஷட்டரை இறக்கும், இது தெரியாதா நமக்கு என்று வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை டப்பாவைக் கடைக்கு எடுத்துப்போய் ஒயர் சுருள்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன், டீ கசந்தது, பிஸ்கட் போயிற்று, பழத்தைக்கூட முறைத்துப் பார்த்தேன், வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சுவிட்சோடு வைத்தியமும் சேர்த்துக் கொடுத்தேன். உங்கள் தங்கை ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒருநாள் காலை அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. விரல்கள் மரத்திருந்தன. மாத்திரை போட்டாயா என்றேன்.

"சர்க்கரையை நிறுத்தினா அதுங்க தானா அடங்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க. பட்டினி கிடக்கிற செல்லுங்களுக்கு மாத்திரை வேற எதுக்கு?"

கணக்கில் தப்பில்லை, என் கணக்குத்தானே. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீயில் போடாவிட்டாலும் உடம்பே சர்க்கரை செய்து இரத்தத்தில் விடும், மூளையே அதில்தான் ஓடுகிறது, எந்த செல் எதை எரிப்பது என்பது செல்லுக்குள்ளே நடக்கிற விஷயம், டப்பாவைப் பூட்டி அதை மாற்ற முடியாது என்றார்கள். வேகமாகப் பெருகத் துடிக்கும் செல்களுக்கு வேண்டிய மூலப்பொருளைத் தடுப்பதே அந்த மாத்திரைதானாம். ஆக, சரக்கை அடைக்கும் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த ஆளை நான்தான் வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறேன். விரல் சரியாகுமா என்று கேட்டேன்.

"பெரும்பாலும் சரியாகும். அடுத்த தடவை என்னால இப்படிச் சொல்ல முடியாது."

வீடு வரும் வழியில் பேசி முடித்தோம். தினமும் என் கண்ணெதிரே அவள் மாத்திரை போட வேண்டும். சர்க்கரை அவள் இஷ்டம். நீங்கள் கவலையை விட்டு நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

பி.கு.: உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்தாள். இன்னும் முழுசாக மடங்காத விரலால் கடைசிப் பத்தியைத் தொட்டுக் காட்டி, அதை அடித்துத் திருத்தச் சொல்கிறாள். பேசி முடித்தது அதல்லவாம். மாத்திரையை அவளே போடுவாள், நான் காவல் நிற்கக் கூடாது. டாக்டர் அறைக்குள் நான் வரலாம், வாய் திறக்கக் கூடாது. அங்கே கேட்டதை வீட்டுக்கு வந்து அவள்தான் எனக்கு விளக்குவாள். பதிலுக்கு, ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட மாட்டாள். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன்.