பூண்டுத்தோல் சொன்ன திசை

சாமியே நேரில் வந்து வரம் தருகிறேன் என்றாலும், ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு 'எதுக்கு?' என்று கேட்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். பூண்டி என்ற மலைக்கிராமத்தில் அவருக்குப் பெயரே 'எதுக்கு'.

காற்றாலை வைக்க இடம் தேறுமா என்று காற்றை அளக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. அவருடைய பூண்டுத் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் உயரமான கம்பம் நட்டோம். உச்சியில் வேகம் அளக்கச் சுழலும் கிண்ணங்கள், பக்கத்தில் திசைகாட்டி. கிண்ணங்கள் மழையை உறிஞ்சும் என்றார். கேமரா ஒளிந்திருக்கிறது என்று கம்பத்துக்கு முதுகைக் காட்டியே சாப்பிட்டார். நான் வாங்கிக் கொடுத்த டீயை, முதல் மடக்கு நான் குடித்தால்தான் தொடுவார். அப்படியொரு பிறவி!

தினமும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் விசாரிப்பார். நானும் லேப்டாப்பைப் பார்த்துக் கிழக்கு என்பேன்.

பூண்டு அறுவடை தொடங்கியதும் ஒருநாள் புருவம், மீசை, காது எல்லாம் பூண்டுத்தோல் ஒட்ட வந்து நின்றார்.

"நீங்க சொன்னபடி கெழக்க முதுகு காட்டி ஒக்காந்து தூத்துனேன் தம்பி. மூஞ்சியப் பாருங்க."

கம்பம் நட்டபோது எடுத்த போட்டோவைத் திறந்து பார்த்தேன். திசைகாட்டியின் வடக்குக் குறியைத் தெற்கே வைத்து மாட்டிய மகானுபாவன் நானேதான். மூன்று மாதக் கணக்கும் தலைகீழ். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

மறுநாளே மேனேஜர் வந்து இறங்கினார். ஏதாவது புகார் உண்டா என்று 'எதுக்கு'விடமே கேட்டார். ஒரு வார்த்தை போதும். நானும் காலி, கம்பமும் காலி. 'எதுக்கு' வாயைத் திறந்தார்.

"தெசகாட்டி மாறிக் கெடக்குங்க. இந்தத் தம்பிதான் காலைல வெள்ளனே வந்து, எங்கூட ஒக்காந்து பூண்டு தூத்திப் பாத்துக் கண்டுபிடிச்சாரு."

கணக்கைத் திருத்திவிடலாம் என்ற மேனேஜர், கண்டுபிடித்தவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாட்டியவன் யார் என்று கேட்க மறந்துபோனார்.

ஜீப் போனதும், "ஏண்ணே எனக்காகப் பொய் சொன்னீங்க?" என்றேன்.

"பொய்யா? நாளைக்கு வெள்ளனே வாங்க. தூத்துற சோலி நெறையக் கெடக்கு. ஒக்காந்தா உண்மையாயிரும்."

போனேன். ஒருநாள் போயிருந்தாலே உண்மையாகியிருக்கும். அந்த அறுவடை முடியும்வரை போனேன்.