வாசனையில் ஓடிய வண்டி

சகலை வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று சீவகன் சபதம் எடுத்தது ஒரு கல்யாணப் பந்தியில், மோர் வந்துகொண்டிருந்த நேரத்தில். காரணம் சின்னதுதான். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சகலை ஜினசேனன், அதாவது மனைவி குணமதியின் அக்கா புருஷன், நாலு பேர் காதில் விழும்படி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் சகலை, உன் காரு பெட்ரோல்ல ஓடுதா, பெட்ரோல் வாசனையில ஓடுதா?"

பந்தியே சிரித்தது. மோர் ஊற்றியவரும் சிரித்தார், அதனால் இலையில் விழவேண்டிய மோர் சீவகன் மடியில் விழுந்தது. வேட்டியைத் துவைத்தாகிவிட்டது. அந்த வார்த்தையைத்தான் துவைக்க முடியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் சகலை கேட்டதில் தப்பே இல்லை. சீவகன் கார் டாங்கி நிறைந்து யாரும் பார்த்ததில்லை. பங்க்கில் அவர் போடச்சொல்லும் அளவுக்கு பெட்ரோல் முள் எழுந்திருக்கவே கூச்சப்படும். திருவண்ணாமலையில் மலைமேல் தீபம் ஏற்றுவது வருஷத்துக்கு ஒருமுறை. சீவகன் காரில் பெட்ரோல் தீரப்போவதைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு ராஜதந்திரமும் இருந்தது. குணமதி எங்காவது போகவேண்டும் என்று வாய் திறந்தால் முள்ளைக் காட்டுவார். "பெட்ரோல் இல்லியே." தன் கூட்டாளிகளோடு போகவேண்டும் என்றால் அதே முள்ளைக் காட்டுவார். "விளக்கு எரிஞ்சப்புறம்தான் வண்டி நல்லா ஓடும்." ஒரே முள், ரெண்டு வேலை.

வேங்கிக்கால் ஆபீஸுக்கு அவர் போவது ஸ்கூட்டரில். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். மற்ற நாளெல்லாம் சாவி ஆணியில் தொங்கும்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது போளூரில் சகலை மகள் அக்ஷயாவுக்கு நிச்சயதார்த்தம் வந்து சேர்ந்தது. அக்ஷயா குணமதி தூக்கி வளர்த்த பெண். போகாமல் இருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"நாளைக்குக் காலையில நிச்சயம். இன்னிக்கே போயிடணும்," என்றாள் குணமதி.

"நீ பஸ்ல போயிடேன். போளூர் பஸ்ஸு வந்துக்கிட்டே இருக்குது."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி சித்தி மட்டும் பையோட வந்து இறங்கினா, சித்தப்பா எங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

"ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னு சொல்லு."

"நீங்க ஆபீஸ்ல தூங்கி, வாட்ச்மேன் உங்களை உள்ள வச்சிப் பூட்டிட்டுப் போனது அங்க எல்லாருக்கும் தெரியும்."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

சீவகன் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமையே விளக்கு எரிந்துவிட்டது. இனி ஊர் எல்லை தாண்டுவதே கஷ்டம். பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

"சரி, கார்லயே போவோம். ஆனா வழியில பெட்ரோல் ஊத்த மாட்டேன். இருக்கிறதுல போற வரைக்கும் போவோம். எங்க நிக்குதோ, அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பிடணும். சம்மதமா?"

ஒரு மணி நேரச் சண்டையை எதிர்பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரிங்க," என்றாள் குணமதி.

"சரியா?"

"சரிதான். நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா வர்றேன். ரெண்டு நாள் தங்கறேன். உங்க மாமா பக்கத்துலயே உக்காந்து சாப்பிடறேன், போதுமா?"

"போதும்," என்று சொல்லிவிட்டு அவள் சேலை மாற்றப் போனாள்.

ஒன்று சொல்லவேண்டும். அவர்கள் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார்கள். அதனால் பிற்பகலில் கிளம்பும் பயணம் என்றால் குணமதி புளிசாத டப்பா இல்லாமல் படி இறங்கமாட்டாள். வழியில் தாமதமானால், வெளிச்சம் இருக்கும்போதே வண்டியை ஓரம் கட்டி ரெண்டு வாய் சாப்பிட்டுவிடவேண்டும். பக்கத்துத் தெரு என்றாலும் டப்பா வரும். இன்று அவள் கையில் சேலைப்பை மட்டும்தான் இருந்தது.

சீவகன் அதைக் கவனித்தார். எப்படியும் வீட்டுக்குத் திரும்பித்தான் சாப்பிடப்போகிறோம் என்று அவளுக்கே தெரிந்துபோச்சு போல என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

எதிர்வீட்டு ஹஃப்சா கேட்டில் நின்றுகொண்டிருந்தாள். "தைரியமா போயிட்டு வாங்கண்ணே. வண்டி எங்கியும் நிக்காது."

அந்த வாழ்த்து பலித்துவிடக் கூடாதே என்று சீவகன் வேண்டிக்கொண்டார்.

செங்கம் ரோட்டுக்கு வந்ததும் வண்டி ஊர்ப்பக்கம் போகாமல் மலைப்பக்கம் திரும்பியது.

"எங்கங்க போறீங்க?"

"நல்ல காரியத்துக்குப் போறோம். மலையை ஒரு சுத்து சுத்திட்டுப் போலாம்."

"நாம என்னிக்குங்க கிரிவலம் போனோம்? நமக்கு ஜினாலயம்தானே?"

"அது நம்ம சாமி. இது நம்ம ஊரு. ஊருக்குன்னு ஒரு மரியாதை இருக்குது இல்ல?"

ஏசியை முழுசாகத் திருகினார். கண்ணாடியையும் இறக்கிவிட்டார். ரெண்டாவது கியரைத் தாண்டவில்லை. எஞ்சின் கதறியது. அடி அண்ணாமலை அருகே, நடந்து கிரிவலம் போன ஒரு சாமியார் காரை முந்திப் போனார். போகும்போது பரிதாபப்பட்டுத் திருநீறு வேறு கொடுத்தார்.

மலை சுற்றி முடிந்தது. வண்டி நிற்கவில்லை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிச்சயம் நிற்கும் என்று எதிர்பார்த்தார். மாவட்டமே வந்து மனுவோடு நிற்கிற இடம். அவர் வண்டி மட்டும் நிற்கவில்லை.

"ஏங்க, அதோ பங்க்கு. வேணும்னா கொஞ்சம் ஊத்திக்கலாமே?"

"பேச்சு பேச்சா இருக்கணும்."

ஊர் பின்னால் போனது. ரெண்டு பக்கமும் வயல் வந்தது. சீவகன் முள்ளைப் பார்த்தார். அடியில் படுத்திருந்தது. விளக்கைப் பார்த்தார். எரிந்தது. வண்டியோ சின்னக் குழந்தை மாதிரி துள்ளிக்கொண்டு ஓடியது. அவருக்கு வியர்த்தது. ஏசி முழுசாக ஓடியும் வியர்த்தது.

கலசப்பாக்கம் தாண்டியபோதுதான் அவருக்குள் ஏதோ புரண்டது. இது என்ன சாதாரண வண்டியா? இத்தனை தூரம், ஒன்றுமே இல்லாமல்? யாருக்கு இப்படி ஒரு வண்டி அமையும்? யார் ஓட்டி இப்படி ஓடும்?

மெதுவாகக் கை நீட்டி ஏசியை அணைத்தார்.

"ஏங்க அணைச்சிட்டீங்க?"

"பேசாத. கண்ணாடியை ஏத்து. காத்து தடுக்குது."

"வெந்துடுவோங்க."

"வேகட்டும். காலை அசைக்காத. வெயிட்டு ஒரு பக்கமா சாயுது."

"நின்னா திரும்பிடலாம்னீங்க?"

"நிக்கக் கூடாது குணா. இப்ப நிக்கக் கூடாது." அவர் சீட்டு நுனிக்கு வந்துவிட்டார். "இது வேற விஷயம்."

சபதம் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. இறக்கம் வந்தால் நியூட்ரலில் உருட்டினார். மேடு வந்தால் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார். எதிரே மாடு வந்தபோது பிரேக் போட மனசில்லாமல் மாட்டிடம் கெஞ்சினார். போளூரில் ஒரு பங்க்கைத் தாண்டும்போது, கெட்ட பழக்கத்தை விட்ட மனுஷன் பழைய கடையைப் பார்ப்பது போலப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். குணமதி முந்தானையால் விசிறிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தார்.

பனைமரத்துக்கு மேலே சூரியன் இன்னும் மிச்சம் இருக்கும்போதே வண்டி சகலை வீட்டு வாசலில் போய் நின்றது. தானாக நிற்கவில்லை. அவர் நிறுத்தினார்.

இறங்கியதும் வீட்டுக்குள் போகவில்லை. "சகலை, இங்க வாங்க. எல்லாரும் வாங்க," என்று கூப்பிட்டார். பந்தல் கட்டுகிறவர்கள்கூட வந்தார்கள். சாவியைத் திருகி, முள்ளையும் விளக்கையும் காட்டினார்.

"ஒரு வாரமா இப்படித்தான் எரியுது. இதோடதான் வந்தேன். சும்மா வரல. மலையைச் சுத்திட்டு வந்தேன்."

"கிரிவலமா? நீயா?" என்றார் ஜினசேனன்.

"ரெண்டாவது கியர்ல."

ஜினசேனன் குனிந்து முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் அசையவில்லை. நிமிர்ந்து, காரின் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அன்னிக்கு விளையாட்டாச் சொன்னேன் சகலை. உன் வண்டி நெசமாவே வாசனையிலதான் ஓடுது."

சீவகனுக்குத் தலை கால் புரியவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசவே ஆரம்பித்துவிட்டார். "பெட்ரோல் இல்லன்னு ஒரு எடத்துக்குப் போகாம இருக்கிறானே, அவன் சோம்பேறி. இந்த வண்டிக்கு அந்தச் சாக்கே கெடையாது. எங்க வேணா போகும்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல?" என்றாள் குணமதி. எல்லாரும் தலையாட்டினார்கள்.

பொழுது சாயுமுன் பந்தி. சொன்ன வாக்குப்படி சீவகன் சகலை பக்கத்தில் உட்கார்ந்தார். சகலை அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ காரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். குணமதி வாழைக்காய்ப் பொரியலோடு வந்து குனிந்தாள்.

"டாங்கி ரொம்பியிருக்குது," என்றாள் மெதுவாக.

"இன்னும் ஒரு கரண்டி வை."

"வயிறு இல்லங்க. வண்டி. எப்பவும் அடியிலயே கெடந்து கெடந்து முள்ளு ஒட்டிக்கிச்சு போல. நாலு நாள் முன்ன வாய் வரைக்கும் ஊத்தினேன், முள்ளு அசையவே இல்ல, விளக்கும் அணையல."

சீவகன் கையில் இருந்த சோறு இலையில் விழுந்தது.

"பங்க்குக்கு வண்டியை யாரு ஓட்டினது?"

"நான்தான்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே?"

"நீங்க ஆபீஸ் போனப்புறம் ஹஃப்சா சொல்லிக் கொடுத்தாங்க. லைசென்ஸ்கூட வந்துடுச்சு. சாவிதான் ஆணியிலயே தொங்குதே."

புளிசாத டப்பா இல்லாமல் அவள் படி இறங்கியபோதே வண்டி போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அந்த டப்பாவைப் பார்த்துவருகிற மனுஷன், அதைத் தன் வெற்றி என்று நினைத்துவிட்டார்.

"மாமாகிட்ட சொல்லிடட்டுமா?" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். சகலை காற்றில் கையால் மலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம்," என்றார் சீவகன்.

"அப்ப அடுத்த வாரம் வந்தவாசி, எங்க பெரியப்பா வீடு. அதுக்கப்புறம் மேல்சித்தாமூர் கோயில்."

"பெட்ரோல் இ..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர், பாதியில் மோரைக் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

நிச்சயம் நன்றாக நடந்தது. ரெண்டு நாள் தங்கினார்கள். கிளம்பும்போது குணமதி கையை நீட்டினாள். சீவகன் சாவியைக் கொடுத்துவிட்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். அக்கா அனுபமா கட்டிக்கொடுத்த புளிசாத டப்பாவை அவர் மடியில் வைத்தார்கள்.

ஜினசேனன் ஜன்னலுக்கு வந்தார். "திரும்பிப் போறதுக்குத் தாங்குமா சகலை?"

சீவகன் முள்ளைப் பார்த்தார். பக்கத்தில் கியரை அழகாகப் போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றாள் குணமதி.

"வாசனை நெறைய இருக்குது, சகலை," என்றார் சீவகன்.