ஃபைஸுக்கு நாலு புள்ளி, மெஹ்ஜபீனுக்கு ரெண்டு

மரியாதைக்குரிய சம்பந்தி மாதவராஜ் அவர்களுக்கு, பாலக்கோடு தக்காளித் தோட்டத்து வீட்டிலிருந்து கோவிந்தன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் தீர்த்தம்மாளும் மகன் ராஜாவும், போன வருடம் நீங்கள் கண் கலங்க எங்களோடு அனுப்பிவைத்த உங்கள் மகள் பிரியதர்ஷினியும் சௌக்கியம். மழைதான் இன்னும் வந்தபாடில்லை. ஓசூரில் உங்கள் சௌக்கியத்துக்கும், சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைவதற்கும் வேண்டாத நாளில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் நன்றி என்று ஆரம்பித்தாலே நீங்கள் "அட, விடுங்க சம்பந்தி" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் மகளின் கேக் வேலைக்கு வாங்கி அனுப்பிய அந்த வெட்டும் மெஷினைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது வந்து சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. நடந்ததில் பாதி என்னால் நடந்தது, மீதி தீர்த்தம்மாளால். மெஷின் பேரில் ஒரு குற்றமும் இல்லை.

பெட்டி வந்த அன்று பிரியா ராஜாவோடு தர்மபுரிக்குப் போயிருந்தாள். நான் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வாய். பார்த்தவுடன் பிரின்டர் என்று முடிவு செய்துவிட்டேன். சம்பந்தி படித்தவர், பிரின்டர்தான் அனுப்புவார் என்று பெருமையாகப் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்மணியிடமும் சொல்லிவிட்டேன். அவன் சும்மா இருப்பானா, மறுநாளே ஆதார் தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "அண்ணா, ஒரே ஒரு ஜெராக்ஸுங்க. இதுக்குப் போய் பாலக்கோடு வரைக்கும் பஸ் ஏறணுமா?" என்றான். பிரியா அப்போதுதான் அதை லேப்டாப்பில் சேர்த்து, ஏதோ படம் போட்டு வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தாள். பசை தடவிய ஒரு பாய் மாதிரி தட்டு ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ஆதாரை அழகாக ஒட்டி, வாயில் கொடுத்து, மினுக்கிக்கொண்டிருந்த பொத்தானை அழுத்தினேன். மெஷின் ஒரு முறை முனகியது. தாளை முன்னால் இழுத்தது, பின்னால் தள்ளியது, மறுபடியும் இழுத்தது. வெளியே வந்தபோது தமிழ்மணியின் முகம் இருந்த இடத்தில் பட்டாம்பூச்சி வடிவத்தில் ஓட்டை. அவன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து அதன் வழியாக என்னைப் பார்த்தான். "ஜெராக்ஸ் எங்கீங்கண்ணா?" என்றான். உள்ளேயிருந்து ஓடி வந்த பிரியா, "மாமா, இது அச்சடிக்காதுங்க, வெட்டும்" என்றாள். அந்தச் செய்தி எனக்கு ஒரு நிமிடம் முன்னால் கிடைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கேக்கின் மேல் போர்த்துகிற சர்க்கரை மாவு ஒன்று இருக்கிறதாம், ஃபாண்டன்ட் என்று பெயராம். அதைச் சப்பாத்தி போல மெல்லிசாகத் தேய்த்து, அந்தப் பசைத் தட்டில் போட்டுக் கொடுத்தால், லேப்டாப்பில் என்ன படம் போடுகிறாளோ அதை ஊசி மாதிரி ஒரு கத்தி வெட்டித் தருமாம். பூ, இலை, எழுத்து, ஜன்னல் பின்னல், எது வேண்டுமானாலும். இதெல்லாம் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். வந்த ஒரு வருடத்தில் அப்படி ஒரு முகம் நான் பார்த்ததில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அதற்கு முந்தின வாரம்தான் அவள் என்னிடம் வந்து நின்று, "மாமா, தப்பா நினைக்காதீங்க. இங்க கேக்கு ஆர்டரே வர்றதில்லீங்க. வாரத்துல நாலு நாள் அப்பா வூட்டுல இருந்து செஞ்சுட்டு வரட்டுங்களா?" என்று கேட்டிருந்தாள். தப்பாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நாலு நாள் ஐந்தாகும், ஐந்து ஏழாகும் என்று எனக்குத் தெரியாதா? ராஜா வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். வாயைத் திறக்கக் கூடாததற்கெல்லாம் திறக்கும் தீர்த்தம்மாளும் அன்றைக்கு அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை, அவ்வளவுதான். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேனுங்க அத்தை." அதற்கு மேல் வளராது.

நான் என்ன செய்தேன் என்றால், யாரையும் கேட்காமல் ஒரு ஆர்டர் பிடித்துவிட்டேன். மண்டியில் என் தக்காளியை எடுக்கும் கவுஸ் பாஷா பாயின் மகள் மெஹ்ஜபீனுக்கு நிக்காஹ், தர்மபுரியில் மண்டபம், விருந்துக்குப் பெரிய கேக் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்தது. "பாய், எங்க வூட்டுலயே ஆள் இருக்குது. மூணு அடுக்கு, ஜன்னல் பின்னல் எல்லாம் போட்டு, மெஷின்லயே வெட்டித் தருவோம்" என்று சொல்லிவிட்டேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோவிந்தண்ணே, நீங்க சொன்னா சரிதான். ஆனா ஒண்ணு. எம் பொண்ணு இஸ்கூல்ல தமிழ் டீச்சரு. ரெண்டு பேரு பேரையும் தமிழ்லதான் எழுதணும்னு நிக்குது. பசங்க நோட்டுல ஒரு புள்ளி விட்டாலே அரை மார்க்கு குறைக்கிறவ அவ" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் பிரியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூணு அடுக்குங்களா மாமா?" என்றாள். பயமா சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இந்த வெயிலில் ஃபாண்டன்டை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை பட்ட பாடு இருக்கிறதே! தேய்த்துத் தட்டில் போட்டால் உருகி ஒட்டிக்கொள்கிறது. கத்தி பூவை வெட்டாமல் மாவை இழுத்துக்கொண்டு போகிறது. ரோஜா கேட்டால் அவரைக்காய் வருகிறது. கொஞ்சம் காய்ந்தால்தான் சரியாக வெட்டும் என்று அவள் சொன்னதை நான் பாதி காதில் வாங்கி, தேய்த்த மாவைக் கொண்டுபோய் மொட்டை மாடி வெயிலில் பரப்பினேன். திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஊரிலுள்ள எறும்பெல்லாம் நிக்காஹ் விருந்துக்கு முன்கூட்டியே வந்திருந்தது. பிறகு அவளே வழி கண்டுபிடித்தாள். தேய்த்து, ஃபிரிட்ஜின் மேல்தட்டில் சற்று நேரம் விறைக்க விட்டு, தட்டில் லேசாக வனஸ்பதி தடவி, மெஷினை மெதுவாக ஓட விட்டால் வெட்டு சுத்தமாக விழுகிறது. மீதி மாவை மூடி ஃபிரிட்ஜிலேயே வைத்தாள். அங்கேதான் தீர்த்தம்மாள் வருகிறாள். வெள்ளையாக, மெத்தென்று பிசைந்த உருண்டை. இவள் மைதா என்று நினைத்துவிட்டாள். மருமகள் பாவம் பகலெல்லாம் நிற்கிறாளே, பூரி சுட்டுக் கொடுப்போம் என்று நல்ல மனதோடுதான் வட்டமாகத் தேய்த்துக் காய்ந்த எண்ணெயில் போட்டாள். பூரி உப்பவில்லை. காணாமல் போய்விட்டது. எண்ணெய் பொங்கியது, நுரைத்தது, பாகாகிக் கறுத்தது, வீடு முழுக்கப் புகை. "அய்யோ, என்னாது இது, பூரி கரைஞ்சு போச்சு!" என்று இவள் போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லாரும் ஓடினோம். தீர்த்தம்மாள் ஜல்லிக்கரண்டியோடு, குற்றம் செய்த குழந்தை போல நின்றாள். நான் மருமகளைத்தான் பார்த்தேன், அழப்போகிறாளே என்று. பிரியா வாணலியைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், நிற்கவில்லை. "அத்தை, பூரிக்குத் தொட்டுக்க என்னங்க?" என்று வேறு கேட்டாள். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு இவளும் சிரித்தாள். அந்த வாணலி இன்றைக்கு வரைக்கும் தேறவில்லை. ஆனால் அன்று மாலையே இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து புது மாவு பிசைந்தார்கள். ஒரு வருடப் பேச்சையும் ஒரே மாலையில் பேசித் தீர்த்தார்கள். அதில் பாதி என்னைப் பற்றியது.

நிக்காஹ் அன்று வெயில் ஏறுவதற்கு முன்னால், தக்காளி ஏற்றும் வண்டியைக் கழுவித் துடைத்து, மூன்று அடுக்கையும் மூன்று பெட்டியில் வைத்து ராஜா ஓட்டினான். வேகத்தடை வரும்போதெல்லாம் நானும் தீர்த்தம்மாளும் பிரியாவும் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மண்டபத்தில் அடுக்கி முடித்தபோது, சம்பந்தி, நான் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனேன். வெள்ளைக் கேக்கைச் சுற்றிப் பச்சையில் ஜன்னல் பின்னல், தர்காவில் பார்ப்போமே அந்த மாதிரி, இழை இழையாக. முன்பக்கத்தில் பொன்னிறத்தில் பெண்ணு மாப்பிள்ளை பெயர்கள். மெஹ்ஜபீனுக்கு இரண்டு புள்ளி. மாப்பிள்ளை ஃபைஸுக்கு ஆய்தத்தில் மூன்று, ஸ்-க்கு ஒன்று, ஆக நாலு. ஒட்டுவதற்கு முன் இடம் பார்க்க, புள்ளிகளைச் சும்மா பொருத்தி வைத்துவிட்டுப் பிரியா பசை எடுக்கத் திரும்பினாள். கேக்கின் மேல் லேசாக வியர்த்திருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கல்யாண ஃபேன் நின்றது. அதைக் கேக்கின் பக்கம் திருப்பிப் போட்டேன்.

எழுத்தெல்லாம் நின்றது. ஆறு புள்ளியும் பறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா பாஷா பாய் வர வேண்டும்? கூடவே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார்: "மெஹஜபீன... பைஸ." பிறகு பாயிடம் திரும்பி, "யாருக்குப் பைசா தரணும்?" என்று கேட்டார். பாயின் முகம் எங்கள் வாணலி மாதிரி ஆகிவிட்டது. "கோவிந்தண்ணே, டீச்சரம்மா மேக்கப் முடிஞ்சு வந்துகிட்டே இருக்குது. பாத்துச்சுன்னா நிக்காஹ் அன்னைக்கே மார்க்கு போட்டுடும்" என்றார். பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கேக்கு கெட்டால் அவள் அடுப்பையும் மெஷினையும் கட்டிக்கொண்டு ஓசூருக்குக் கிளம்புவாள், அதற்குக் காரணம் நான் போட்ட ஃபேனாக இருக்கும் என்று தோன்றிவிட்டது, சம்பந்தி. தரையில் தவழ்ந்து தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "பாப்பா, மீதி மாவு இருக்குதா?" என்றேன். தயங்கிக்கொண்டே ஒரு துண்டு கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, நாற்று நடுகிற பொறுமையோடு, உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாக ஆறு புள்ளி உருட்டி அவள் கையில் கொடுத்தேன். "ரொம்ப நல்லா இருக்குதுங்க மாமா. நீங்க போய்க் கை கழுவிட்டு வாங்க, நான் ஒட்டிடறேன்" என்றாள்.

கை கழுவித் திரும்பி வந்து பார்த்தால், அம்மாடி! ஆறு புள்ளியும் அதனதன் இடத்தில், அச்சில் வார்த்த மாதிரி வட்டம். என் கைதானா என்று எனக்கே சந்தேகம். மெஹ்ஜபீன் வந்து நின்று, எழுத்தெழுத்தாகப் பார்த்து, ஆய்தத்தில் கொஞ்ச நேரம் நின்று, "முழு மார்க்கு" என்றது. பாய் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அங்கேயே மூன்று பேர் பிரியாவின் நம்பரை வாங்கினார்கள். திரும்பி வரும்போது வண்டியில் அவளே சொன்னாள்: "மாமா, நான் ஓசூர் போகலீங்க. அப்பாவைப் பாக்கப் போனா, பாத்துட்டு வந்துடுவேன்."  ராஜா காலியான சாலையில் காரணமே இல்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

இதைத்தான் நான் எழுத வந்தேன். நீங்கள் அனுப்பியது ஒரு மெஷின். எங்களுக்கு வந்து சேர்ந்தது அந்தப் பிள்ளையின் சிரிப்பு. மகளைக் கொடுத்தபோதே நாங்கள் கடமைப்பட்டவர்கள், இப்போது இரண்டு மடங்கு. மெஷினைத் தினமும் நான்தான் துடைத்து, துண்டு போர்த்தி வைக்கிறேன். இருந்தாலும் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்: மெஷின் எவ்வளவுதான் வெட்டினாலும், கடைசி நேரத்தில் காப்பாற்றுவது மனிதன் கைதான். அதற்கு அந்த ஆறு புள்ளியே சாட்சி.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். அடுத்த முறை வரும்போது தக்காளி வாங்கிக்கொண்டு வர வேண்டாம், போன தடவை வாங்கி வந்தது எங்கள் தோட்டத்துத் தக்காளிதான். உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் என்றும் அணையாமல் இருக்கட்டும் என்று மலையப்பனை வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்பும் நன்றியும் மாறாத சம்பந்தி,
கோவிந்தன்

பின்குறிப்பு: அப்பா, நான் பிரியா. கவர்ல போட்டு ஒட்டச் சொல்லி மாமா என்கிட்ட குடுத்தாரு. எல்லாம் நிஜம்தான், அந்தப் புள்ளியைத் தவிர. மாமா உருட்டினது ஒண்ணொண்ணும் சுண்டைக்காய் அளவு, கலரும் சுண்டைக்காய் வத்தல். மாமா பக்கத்துல இருக்காருன்னா நான் எதையும் ரெண்டு செட்டாத்தான் வெட்டி வெச்சுக்குவேன். மெஷின்ல வெட்டின இன்னொரு ஆறு புள்ளி அத்தையோட மாத்திரை டப்பாவுல இருந்துச்சு. மாமா கை கழுவப் போனதும் அத்தை டப்பாவைத் திறந்து நீட்டினாங்க, நான் ஒட்டிட்டேன். மாமாவோட ஆறையும் அத்தை முந்தானையில முடிஞ்சுகிட்டாங்க. தூக்கிப்போட எங்க ரெண்டு பேருக்கும் மனசு வரலை, ஃபிரிட்ஜுலதான் இருக்குது. சந்தையில எல்லார்கிட்டயும் மாமா அந்தக் கேக்கு போட்டோவைப் பெரிசு பண்ணிக் காட்டிட்டிருக்காரு. நீங்களும் போன் பண்ணி, புள்ளி பிரமாதம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அடுத்த கேக்கு காரிமங்கலத்துக்கு, முதல் பிறந்தநாள். பேருக்குப் புள்ளி உருட்டணும்னு மாமா இப்பவே நகம் வெட்டிட்டு உட்கார்ந்திருக்காரு. பாப்பா பேரு பாரதி. அதுல ஒரு புள்ளிகூடக் கிடையாதுன்னு யாருப்பா போய் அவர்கிட்ட சொல்றது?