விளக்குமாறு அள்ளிய மாப்பிள்ளை

திருத்தங்கல்காரனை மழைநாளில் நல்ல காரியத்துக்கு எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நானே திருத்தங்கல்காரன்தான், பட்டவன் சொல்கிறேன். (கூட்டிக்கொண்டு போனவர்களைக் கேட்டால் இன்னும் விலாவாரியாகச் சொல்வார்கள்.)

எங்கள் பக்கம் மழை என்றால் ரசிக்கிற சங்கதி இல்லை, ஓட்டம். அப்பாவின் அச்சகத்து வாசலில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிற காகிதக் கட்டுகள் வந்து இறங்கியிருக்கும். நாலு தூறல் விழுந்தால் போதும், ரோட்டில் பைக்கில் போகிறவன்கூட வண்டியை நிறுத்திவிட்டு வந்து அள்ளுவான். யார் சரக்கு என்று கேட்க மாட்டான். முதலில் உள்ளே போடு, பேச்சு அப்புறம்.

இந்தப் புத்தியோடுதான் நான் அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனேன். அங்கேயே வேலை பார்த்த கீதாவின் ஜாதகம் எனக்குப் பொருந்தி வந்தது. அவளுடைய போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாயிரம்பண்ணையிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த அவள் அப்பாவும் அம்மாவும், என்னையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு வரச் சொன்னார்கள். ஆமாம், அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது. ("அங்கனயும் மாம்பழம் நல்லா இருக்குமாய்யா?" என்று என் அம்மா போனில் கேட்டாள்.) ஒரு காலத்தில் அப்பாவி சனங்களைச் சூனியக்காரி என்று பட்டம் கட்டி, விசாரணை என்று ஒன்றை நடத்தித் தூக்கில் போட்ட ஊர். இப்போது கதைகளில் சூனியக்காரிகள் போடுகிற கூம்புத் தொப்பியும், ஏறிப் பறக்கிற விளக்குமாறும் விற்றுப் பிழைக்கிறது.

கீதாவின் அம்மாவுக்கு ஒரே நிபந்தனை. மாப்பிள்ளை நாசூக்கானவனாக இருக்க வேண்டும். அக்கா முதல் நாளே போனில் பாடம் எடுத்துவிட்டாள்.

"ஏலே, அங்கன போயி ஒன் சேட்டையக் காட்டாத. மெல்ல நட. மெல்லச் சிரி. எதுக்கும் ஓடாத. அம்புட்டுத்தான்."

காலையிலிருந்து நசநசவென்று தூறல். நான் போய்ச் சேர்ந்தபோது கொஞ்சம் வெறித்திருந்தது. கீதாவின் அப்பா கோட்டும் சூட்டுமாக, கையில் குடையோடு கலெக்டர் மாதிரி நின்றார். நான் மெல்ல நடந்தேன். மெல்லச் சிரித்தேன். கீதாவும் ஒரு தடவை சிரித்தாள். அடடா, முடிந்தது கல்யாணம் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய விசாரணையை நாடகமாக நடத்தும் ஒரு கூடத்துக்கு டிக்கெட் எடுத்தோம். கீதாவும் அம்மாவும் இடம் பிடிக்க முன்னால் போனார்கள். "நீங்க உள்ள போங்க தம்பி, நான் காப்பி வாங்கிட்டு வாரேன்" என்று அவள் அப்பா நகர்ந்தார். நான் வாசலில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தேன். (கர்வம்!)

அப்போது பிடித்தது பாருங்கள் மழை, சடசடவென்று.

பக்கத்துக் கடைக்கு முன்னால் நடைபாதையில் ஒரு மேசை. அதன்மேல் கறுப்புத் தொப்பிகள், சாய்த்து வைத்த விளக்குமாறுகள். கடைக் கதவில் 'இதோ வந்துவிடுகிறேன்' என்று அட்டை தொங்கியது. சரக்கு நனைகிறது! அக்கா சொன்னது, கல்யாணம், கீதா, எல்லாம் மறந்துபோய்விட்டது. விளக்குமாறுகளை வாரிக் கக்கத்தில் இடுக்கினேன். கை கொள்ளவில்லை, தொப்பிகளைத் தலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக்கொண்டேன். திறந்திருந்த கதவு அந்தக் கூடத்துடையதுதான். பாய்ந்தேன்.

உள்ளே மேடையில் நீதிபதி வேஷக்காரர், "இவள் சூனியக்காரி என்பதற்கு ஏதாவது சாட்சி உண்டா?" என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

சொட்டச் சொட்ட நான் போய் நின்றேன்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நீதிபதி அசரவில்லை. "யாரப்பா நீ?" என்றார். எனக்கு இங்கிலீஷ் அத்தனையும் காலி. "மழை சார், மழை!" என்று தமிழில் கத்தினேன். முன்வரிசையில் கீதாவின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். செத்தேன். அந்த ஊரில் முன்பு தூக்கில் போட்டார்களாமே, அது தேவலை என்று இருந்தது.

மறுபடியும் கைதட்டல். திரும்பிப் பார்த்தேன். கீதாவின் அப்பா! கோட்டு நனைந்து தொங்க, தலையில் அந்த மேசையையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, சரக்கு பூராம் வந்திருச்சா? வெளிய ஒண்ணும் கெடக்கலையே?" என்றார் மூச்சு வாங்க.

"வந்திருச்சு மாமா" என்றேன். அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் அவ்வளவு ஜனத்துக்கு முன்னால்.

திருடன் என்று கத்திக்கொண்டு ஓடிவந்த கடைக்கார அம்மாளுக்குக் கீதா விளக்கம் சொன்னாள். அந்த அம்மாள் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு விளக்குமாற்றை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனார். காருக்கு வந்த பிறகு கீதாவின் அம்மா பெருமூச்சு விட்டார்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் மழதான். இவுக பலகாரத்த அப்பிடியே வச்சிட்டு, பக்கத்து வீட்டு மொளகா வத்தல அள்ளப் போயிட்டாக. நாசூக்கான மாப்ளயாப் பாரும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். சரி, விதி. மாப்ள, தலையத் துவட்டுங்க, சளி பிடிக்கும்."

மாப்ள! நான் அழுதேவிட்டேன். (மழைத்தண்ணீர் என்று சமாளித்தேன்.)

அந்த விளக்குமாறு இப்போது ஏழாயிரம்பண்ணை வீட்டில் ஆணியில் தொங்குகிறது. நாங்கள் லீவுக்குப் போயிருக்கும்போது வானம் கறுத்தால் போதும், அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் கேட்கும்.

"ஏட்டி கீதா, மொதல்ல வாசக்கதவச் சாத்து, ஒங்கப்பாவும் மாப்ளயும் உள்ளதான இருக்காக? பெறகு போயி மாடில துணிய எடு."