நூறு ஜிபியும் தலைகீழாக நின்ற அந்தோனியாரும்

தொலைந்ததைத் தேடித் தரும் புனித அந்தோனியார் துணை

போயாகா,
நவம்பர் 14, வியாழன்

மரியாதைக்குரிய கொழுந்தனார் திரு. நோல்பெர்தோ அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் பெலார்மினோவின் மனைவி லியோகாதியா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும், உங்கள் அண்ணனும், ஏழு கோழிகளும் சுகம். பர்ராங்கியாவில் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். பிறர் வீட்டு மடிக்கணினியைக் கூறுபோட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனவருக்கு என்ன குறை?

மரியாதை இத்துடன் முடிந்தது. புனித வாரத்துக்கு நீ வந்தாய், சாப்பிட்டாய். சும்மா இருந்திருக்கலாம். "அண்ணி, இதுல இன்னொரு சிஸ்டமும் போட்டுத் தரேன், ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஓடும்" என்று லினக்ஸ் என்கிற அந்தப் பென்குயினைக் கொண்டுவந்து குடிவைத்தாய். என் நோட்டில் தேதியோடு இருக்கிறது: பெட்டியின் மேல் அச்சடித்தது 256 ஜிபி. உள்ளே காட்டியது 238. மீதிப் பதினெட்டு எங்கே என்று அன்றைக்கே கேட்டேன். "செஞ்சவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான் அண்ணி, கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலு ஆயிரத்து இருபத்துநாலா எண்ணுது" என்றாய். கடைக்காரன் ஒரு படியும் வீட்டுக்காரி வேறு படியும் வைத்து அளந்தால் அதை எங்கள் சந்தையில் வேறு பெயர் சொல்லி அழைப்போம். போகட்டும். அந்த 238-இல் பென்குயினுக்கு நூறு! நான் அந்தப் பக்கம் போனது ஒரே ஒரு முறை, குருத்தோலை ஞாயிறு பவனியின் வீடியோவைப் பார்க்க. நன்றாகத்தான் ஓடியது, அது இங்கே பேச்சில்லை. மற்ற நாளெல்லாம் கணினியைத் திறந்தால் "எந்தப் பக்கம் போகிறாய்?" என்று பத்து விநாடி என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்தது. என் வீட்டில் என்னை!

போன ஞாயிறு எங்கள் பங்குக் கோவிலில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு முதல் நற்கருணை. வீடியோ எடுத்த எவெலியோ தன் கேமரா கார்டை என்னிடம் கொடுத்தான். "சனிக்கிழமை எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு, லியோகாதியாம்மா. அதுக்குள்ள காப்பி பண்ணிக் கொடுத்துடுங்க. இல்லேன்னா இந்தப் புள்ளைங்க மேலதான் மாப்பிள்ளையும் பொண்ணும் வந்து நிப்பாங்க" என்றான். கார்டில் அறுபத்தொரு ஜிபி. என் பக்கத்தில் காலி ஒன்பது. வரும் ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் போட்டுக் காட்டுகிறேன் என்று முப்பத்தொரு தாய்மாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே செவ்வாய்க்கிழமை ஜெபம் சொல்லிவிட்டு, பென்குயினின் பகுதியை நானே அழித்தேன். நூறு ஜிபியும் என் பக்கம் வந்து சேரும் என்றுதானே எவளும் நினைப்பாள்? வரவில்லை. 'ஒதுக்கப்படாதது' என்று ஒரு கறுப்புப் பட்டையாக நின்றது. என் காலி அதே ஒன்பது. சரி, அணைத்துப் போட்டால் சரியாகும் என்று அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். முதல் சொல் 'க்ரப்', அது எவனோ ஒருவன் பெயர் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது 'ரெஸ்க்யூ'. அகராதியைப் புரட்டினால் 'ரெஸ்காதே' என்கிறது. நம் ஸ்பானிஷில் ஆபத்திலிருப்பவரை மீட்பதும் ரெஸ்காதே, ஆளைக் கடத்தியவன் கேட்கும் மீட்புத்தொகையும் ரெஸ்காதே. நான் எதை நினைப்பேன்?

என் அலறலைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அனனியாஸ், அதுதான் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட், ஓடிவந்தார்.

"எவ்வளவு கேக்கிறான்?"

"தொகை போடலிங்க. ஒரு அம்புக்குறி மட்டும் நிக்குது."

"அப்ப பேரம் இன்னும் ஆரம்பிக்கல. யாருன்னு கேளுங்க. மரியாதையா."

"கோழிய வேணும்னா எடுத்துக்கச் சொல்லு" என்றார் உன் அண்ணன்.

'செஞோர், தாங்கள் யார்?' என்று அடித்தேன். நம் 'ஞ' எழுத்து அவனுக்கு விழவே இல்லை, அந்த இடத்தில் ஓர் அரைப்புள்ளி விழுந்தது. பதில் உடனே வந்தது: 'தெரியாத கமாண்ட்.' நம் மொழியில் கட்டளையும் 'கொமாந்தோ', ஆயுதப் படையும் 'கொமாந்தோ' என்பது உனக்குத் தெரியாததல்ல. அனனியாஸ் தொப்பியைக் கழற்றினார். "பேர் தெரியாத கமாண்டோ படை. இது என் கை மீறின சமாசாரம், அம்மா" என்று தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன செய்தாய்? சிரித்தாய். நான்கு நிமிடம் சிரித்தாய், போனில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு, "திறக்கும்போது எஃப் பன்னிரண்டை அமுக்குங்க அண்ணி, பழைய பக்கம் வரும்" என்றாய். வந்தது. ஆனால் அந்த நூறு மட்டும் வரவில்லை. 'விரிவாக்கு' என்ற சொல் மங்கிக் கிடந்தது, அமுக்கினால் அசையவில்லை. உற்றுப் பார்த்தேன். என் பகுதிக்கும் அந்தக் கறுப்புப் பட்டைக்கும் நடுவில், பழுது பார்ப்பதற்கென்று அரை ஜிபிக்காரன் ஒருவன் குறுக்கே படுத்திருக்கிறான்! ஒட்டி இருக்கும் இடத்தைத்தான் சேர்க்க முடியுமாம். நோல்பெர்தோ, மாமனார் மனையைப் பாகம் பிரித்தபோது என் சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவில் உன் ஆடு போக ஒரு சந்து விட்டாயே, அதே கதைதான். ஆடு செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் கீரை பறிக்கப் போகிறேன்.

வீட்டு அந்தோனியார் சிலையைத் தலைகீழாக நிறுத்தினேன். "இடம் கிடைக்கிறவரை இப்படித்தான் இருப்பீர்" என்று சொல்லிவிட்டு, புதன் முழுக்கப் படித்துப் படித்து, அந்த அரை ஜிபிக்காரனைக் கடைசி ஓரத்துக்கு நகர்த்தினேன். இன்று காலை காலி நூற்றொன்பது! பிள்ளைகள் அத்தனை பேரையும் ஏற்றினேன், மிச்சம் நாற்பத்தெட்டு. அந்தோனியாரை நிமிர்த்தி மெழுகுவத்தி கொளுத்தினேன். கார்டு எவெலியோவிடம் போய்விட்டது, அவன் என் கண் முன்னாலேயே அதைத் துடைத்துக் காலியாக்கிவிட்டான்.

எனவே இதைத் திட்டவட்டமாக எழுதுகிறேன்: இனி என் வீட்டுக்கு நீ விருந்துக்கு வரலாம், அரேப்பா சாப்பிடலாம், ஆனால் கணினி இருக்கும் அறைக்குள் உன் நிழல்கூட விழக்கூடாது. பென்குயின் என்ற சொல்லை என் காதில் போடக்கூடாது.

காவல் தூதர் உன் கைகளை, முக்கியமாக விரல்களை, எந்த நேரமும் பிடித்து வைத்திருப்பாராக.

உன் அண்ணி,
லியோகாதியா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். 'ஆமென்' முப்பத்தொரு முறை கேட்கிறது, ஒரு பிள்ளையையும் காணோம். திரை கறுப்பு. "குருத்தோலை பவனியும் இதே கேமராதானே, அத எதுல பாத்தீங்க?" என்கிறான் எவெலியோ. பென்குயின் பக்கத்தில்தான் பார்த்தேன் என்பது உனக்கே தெரியும். போன் செய்தால் நீ சிரிப்பாய் என்பதால் இந்தக் கடிதத்தைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் வந்து சேர். மிச்சம் நாற்பத்தெட்டில் முப்பதைப் பென்குயினுக்குப் பிரித்துக் கொடு, வாசலில் பத்து விநாடி நின்றாலும் பரவாயில்லை. அந்தோனியாரை மறுபடியும் தலைகீழாக நிறுத்திவிட்டேன். நீயே வந்து நிமிர்த்து.