கோபம் எத்தனை அடி?

திருச்செங்கோட்டில் மனிதர்களோடு பழகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரோடு பழகுவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

அவர் பெயர் எங்கள் காலனியில் யாருக்கும் தெரியாது. ஆபீஸ் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு ரிக் லாரி கம்பெனி ஆபீசில் இருபது வருஷத்துக்கு மேல் போன் எடுத்தவர். போர்வெல் போட வடக்கே கிளம்புகிற வண்டி திரும்பி வர மாதக்கணக்காகும். ஒரே வண்டியில் எட்டு ஆண்கள், ஒரே அடுப்பு, தலைக்கு மேல் கொளுத்துகிற வெயில். சாம்பாரில் உப்பு சரியில்லை என்று குழி துளைக்கிற டிரில்லருக்கும் சமையல்காரருக்கும் ஆரம்பிக்கிற சண்டை, ஸ்பேனரைத் தூக்குவதில் போய் நிற்கும். அதையெல்லாம் இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனில் தீர்த்து வைத்தவர் அக்கா.

அந்த வேலையை விட்ட கையோடு, காலனிச் சங்கக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு ஆரம்பித்தார். நாலு பேரோடு கூடிப் பழகுவது எப்படி என்பதுதான் பாடம். அவரைப் பொறுத்தவரை டிரில்லருக்கும் ஆறு வயசுப் பிள்ளைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. டிரில்லருக்கு மீசை இருக்கும், அவ்வளவுதான்.

என் மகன் தருணை அங்கே சேர்த்ததற்குக் காரணம் அவனுடைய பல். இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கோபம் வந்தால் கடிப்பான். பென்சிலைப் பிடுங்கியவன், வரிசையில் முந்தியவன் என்று ஆரம்பித்து, கடைசியில் விலக்கிவிட வந்த விளையாட்டு மாஸ்டர் வரைக்கும் பல் பட்டாயிற்று. தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல், இன்னும் ஒரே ஒரு கடி, அன்றைக்கே டி.சி. என்று சொல்லிவிட்டார். நானும் என் மனைவியும் அவன் வாயைப் பார்த்தபடியே வீட்டுக்கு வந்தோம்.

அக்காவின் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு வண்டி. எட்டுப் பேரும் உட்கார்ந்தால்தான் முறுக்குத் தட்டு வெளியே வரும். ஒருத்தன் மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால், மற்ற ஏழு பேரும் போய்க் கெஞ்சிக் கூட்டி வர வேண்டும். எல்லோரையும் அவர் ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய போன் நம்பரை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பார். சில பிள்ளைகளுக்குச் சொந்த முகவரி தெரியாது, அந்த நம்பர் தெரியும்.

ஆரம்பத்தில் ஒரு தப்பு நடந்தது. கம்பெனியில் சண்டை முற்றினால் ஒருத்தரை லீவில் ஊருக்கு அனுப்பிவிடுவது வழக்கம். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே ஒரு சண்டை முற்றியது. அக்கா பழக்கதோஷத்தில், “நீங்க ஒரு பத்து நாளு ஊருக்குப் போயிட்டு வாங்க சாமி” என்று கவினிடம் சொல்லிவிட்டார். கவினுக்கு வயது ஆறு. தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மாமா வீட்டுக்கென்று ஈரோடு பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டான். கண்டக்டர் விசாரித்தபோது நம்பரைக் கடகடவென்று ஒப்பித்தான். போனை எடுத்த அக்கா பதறாமல், வண்டி எந்த ஊரில் நிற்கிறது, டீசல் போதுமா என்று கேட்டாராம். கவினின் அப்பா வந்து குதித்தார். சண்டைக்காரர்களின் கதையைக் கேட்காமலே லீவு கொடுத்தது தன் தப்புதான் என்று அக்கா அவரிடம் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு லீவு ரத்து. சண்டை வந்தால் போன்தான். பழைய ஆபீசின் செத்துப்போன போன்கள் மூன்று இருந்தன. சண்டை போட்ட இருவரும் ஹாலின் இரண்டு மூலைக்குப் போய் ஆளுக்கொன்றை எடுக்க வேண்டும். நடுவில் அக்கா மூன்றாவதைக் காதில் வைத்துக்கொண்டு, கோபம் எத்தனை அடி போயிருக்கிறது, மண்ணா பாறையா என்று விசாரிப்பார். மண் என்றால் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார். பாறை என்றால் முழுக்கதையையும் சொல்லியாக வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு மூலையில் சிரிப்பு கிளம்பிவிடும்.

இந்த வியாதி வீடுகளுக்கும் பரவியது. ஒரு நாள் காலையில் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டேன். என் மனைவி, “நானூத்தி அம்பது. பாறை” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நான் ஓட்டலில் சாப்பிட்டேன்.

ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து போன். உடனே வரச் சொன்னார் தலைமையாசிரியை. டி.சி.தான், சந்தேகமில்லை என்று பைக்கை விரட்டினேன். போய்ப் பார்த்தால் தலைமையாசிரியை நின்றுகொண்டிருக்கிறார், அவருடைய நாற்காலியில் தருண் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துப் பையன் இவன் வரைந்த படத்தில் கிறுக்கிவிட்டானாம். இவன் அந்தப் பையனின் கையைப் பிடித்து வாய்வரைக்கும் கொண்டுபோய், என்ன நினைத்தானோ, விட்டுவிட்டான். நேரே இந்த அறைக்கு நடந்து வந்து, “ஏனுங்க மிஸ், ஆபீசுக்கு ஒரு போன் போடோணும்” என்றிருக்கிறான். அவர் திகைத்துப்போய் முதலில் என்னை வரவழைத்துவிட்டு, இப்போதுதான் செல்போனை நீட்டினார். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது.

“எங்க நிக்கறீங்க சாமி?”

“ஸ்கூல்லீங்க அக்கா.”

“எத்தனை அடி?”

“முந்நூறுங்க. பாறைங்க. கடிக்கோணும்போல இருக்குதுங்க.”

“கடிச்சுப்போட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

அந்த ‘இன்னும்’ காதில் விழுந்ததும் தலைமையாசிரியை மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பச் சரி. சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

பத்து நிமிஷம் சொன்னான். கிறுக்கிய கதையோடு, நான் சைக்கிள் வாங்கித் தராத கதையும் சேர்ந்து வெளியே வந்தது. கடைசியில், இப்போது நாற்பது அடி இருக்கும், வெறும் மண்தான் என்று அவனே சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். தலைமையாசிரியை டி.சி.யைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த நம்பரைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார். யாருக்காக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலமே கால் கிலோ பூந்தியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். போன ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிப்போகத் தாமதமாக வந்ததற்கு முதலில் திட்டு வாங்கினேன். அப்புறம் அவரே, “முந்நூறெல்லாம் இல்லைங்க, குரல்லயே தெரிஞ்சுது. கூப்புட்டா நான் எடுக்கறனான்னு உங்க பையன் பாத்திருக்காரு. எங்க டிரில்லருங்களும் அப்படித்தான். உப்பு சரியில்லைன்னு அத்தனை தூரத்துல இருந்து கூப்புடுவாங்க. யாராச்சும் எடுக்கறாங்களான்னு பாக்கத்தான்” என்றார்.

பூந்தியை மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து வந்துவிட்டேன். தெருமுனைவரைக்கும் நடந்தேன். மனசு கேட்கவில்லை. நின்று, அந்த நம்பருக்குப் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.