குமிஸ் கலக்க வந்தவர்கள்

கைப்பேசி சிணுங்கியது. எசென் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். போன மணிக்கு இருபத்திரண்டு டிகிரி. இப்போது பதினேழு. பீப்பாயில் இருப்பது புளித்த குதிரைப்பால் குமிஸா, ஓடைத் தண்ணீரா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நிமிர்ந்தால் காரணம் எதிரிலேயே நின்றது. குதிரை மேய்க்கும் கச்சிகே மூடியைக் கழற்றி வைத்துவிட்டு மரத்துடுப்பால் இடித்துக் கலக்கிக்கொண்டிருந்தான். கூடாரத்துக்குள் காலெடுத்து வைக்கிறவர் யாரானாலும் குமிஸை நாலு இடி இடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அது மலை மரியாதை.

"கச்சிகே, இது அளக்குற நேரம்ப்பா. கொஞ்சம் பொறுத்து வரக் கூடாதா?"

"ம்."

இடித்து முடித்தான். எசெனின் முகத்தை ஒருமுறை பார்த்தான். போய்விட்டான்.

எசென் நகரத்துத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். கோடையில் மேய்ச்சல் மலைக்கு வந்தால் குமிஸ் முழுக்க மனைவி ஸூராவின் பொறுப்பு. பீப்பாயின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே, புதுப் பால் எப்போது ஊற்றலாம் என்று சொல்லிவிடுவாள். போன கோடையின் கடைசியில் அவள் இறந்துபோனாள். இந்தக் கோடை முடிவில் வருஷ விருந்து. அன்றைக்கு வருகிறவர்கள் கையில் ஸூராவின் குமிஸைப் போலவே ஒரு கிண்ணம் கொடுத்துவிட வேண்டும். எசெனுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

அந்த உள்ளங்கைக்குப் பதிலாக அவரிடம் இருந்தது தீப்பெட்டி அளவில் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் ஒரு குட்டிக் கணினி. அதிலிருந்து ஒரு கம்பி பாலுக்குள் இறங்கியது. கம்பி நுனியில் சென்சார். "அள, சொல், ஒரு மணி நேரம் தூங்கு" என்று அதற்கு நிரல் எழுதியிருந்தார். மாணவர்களைவிட நன்றாகவே கீழ்ப்படிந்தது. வருகிறவர்கள்தான் கீழ்ப்படியவில்லை.

மணிக்கொரு தடவை போதாது, நிமிஷத்துக்கொரு தடவை அளந்தால் இடிக்கு முன்னும் பின்னும் தெரிந்துவிடும் என்று மாற்றினார். தூங்க நேரமில்லாத கருவி மதியத்துக்குள் பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. சூரியத் தகட்டின் மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. பால் ஊற்றும் நேரம் தவறி, அன்றைய குமிஸ் நாக்கைச் சுருட்டியது.

மறுபடி மணிக்கொரு தடவை. ஆனால் மணி அடித்து அரை மணி கழித்து. முதல் அளவு வந்தபோது துடுப்பும் கையுமாகப் பக்கத்துக் கூடாரத்து பாத்மா நின்றாள்.

"நீ எப்பவும் மணி அடிக்கிறப்பதானேம்மா வருவே?"

"மணியடிச்சா நீங்க போனுக்குள்ள தலைய விட்டுக்கறீங்க அண்ணே. தொந்தரவு பண்ண வேணாம்னு நாங்க எல்லாரும் அரை மணி தள்ளி வெச்சுக்கிட்டோம்."

எசென் பல்லைக் கடித்துக்கொண்டு, இனிமேல் யாரும் தயவுசெய்து இடிக்க வேண்டாம் என்று சொன்னார். பாத்மா கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி, இடிக்கல. சும்மா உக்காந்துட்டுப் போறோம்."

வந்தார்கள், உட்கார்ந்தார்கள். சும்மா உட்காருவது எப்படி என்று தேநீர் போட்டார்கள். அடுப்பு பீப்பாய்க்குப் பக்கத்தில் இருந்தது. கைப்பேசியில் எண் ஏறிக்கொண்டே போனது. "நல்லாச் சூடா இருக்கு அண்ணே" என்று பாத்மாவின் கணவன் கிண்ணத்தை நீட்டினான். எதைச் சொல்கிறான் என்று எசென் கேட்கவில்லை.

விருந்து நெருங்கிவிட்டது. ஒரு நாள் காலை மூடியை இறுக்கி, இரும்புக் கொண்டி போட்டு, பூட்டே போட்டார். வந்தவர்கள் துடுப்பால் மூடியை மரியாதைக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எண்கள் முதல்முறையாக ஏறாமல் இறங்காமல் வரிசையாக வந்தன. எசென் மாதக்கணக்கில் சிரிக்காதவர், சிரித்தார்.

குமிஸ் புளிக்கப் புளிக்க மூச்சு விடுகிற பொருள் என்பதை அவர் நிரலில் எழுதியிருக்கவில்லை. பிற்பகலில் கொண்டி பறந்தது. மூடி கூடாரக் கூரையின் மர வளையத்தில் மோதித் திரும்பி வந்தது. பீப்பாயின் பலகைகள் விட்டு மிச்சமும் கம்பளத்தில் ஓடியது. நுரைக்குள் கிடந்த கருவி சரியான நேரத்தில் விழித்து, கம்பளத்தின் வெப்பநிலையைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

பாத்மா ஓடிவந்தாள். மேலே பார்த்தாள். கூரையிலிருந்து எசெனின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மொதல் கிண்ணம் கூரைக்கா அண்ணே?"

எசென் ஈரக் கம்பளத்தில் அப்படியே உட்கார்ந்தார். "அவளுக்குன்னு ஒரே ஒரு காரியம். அதையும் என்னால செய்ய முடியல."

பாத்மா துணியை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். "விருந்துக்கு வீட்டுக்கு ஒரு குடம் நாங்க கொண்டாறோம். அக்காகிட்ட கத்துக்கிட்டுப் போட்டதுதானே எல்லாம்."

அவர் தலையாட்டினார். பிறகு கம்பியைச் சுருட்டி, பேட்டரியைக் கழற்றி வைத்தார். "இனிமே அளக்க ஒண்ணும் இல்ல. கலக்கவும் ஒண்ணும் இல்ல. யாரும் சிரமப்பட்டு வர வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிடும்மா."

மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்குக் கச்சிகே குனிந்து உள்ளே வந்தான். துடுப்பை எடுத்தான். பலகை விட்ட பீப்பாய்க்குள் நாலு இடி இடித்தான். ஓட்டைப் பறை போலச் சத்தம் வந்தது. எசெனின் முகத்தைப் பார்த்தான்.

"காலிப் பீப்பாய்டா அது. என்னத்தக் கலக்குற?"

கச்சிகே துடுப்பை இருந்த இடத்தில் வைத்தான். அந்தக் கோடையில் அவன் அதிகமாகப் பேசியது அப்போதுதான்.

"மணிக்கொருத்தரா போய் அவர் முகத்தப் பாத்துட்டு வாங்க, கேட்டா குமிஸ் கலக்க வந்தேன்னு சொல்லுங்கன்னு, அக்காதான் எங்களுக்கு முறை போட்டுக் குடுத்துட்டுப் போனாங்க."